முகத்தில் ரவை போல வெள்ளை மணிகள்: மிலியாவைக் கண்டறிந்து அகற்றும் வழி

கண்ணுக்குக் கீழே, கன்னத்து மேட்டில், இமையோரத்தில் ரவை ஒட்டியது போல வெள்ளையாக ஒரு மணி. தடவினால் கெட்டியாக இருக்கும். வலிக்காது, சிவக்காது, அரிக்காது. பரு என்று நினைத்து அழுத்தினால் எதுவும் வராது. வாரங்கள் போனாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். இதன் பெயர் மிலியா. இலத்தீனில் மிலியம் என்றால் சிறுதானியம். பனிவரகின் தாவரவியல் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. அளவும் ஏறக்குறைய அதுதான்: 1 முதல் 2 மில்லிமீட்டர், அரிதாகச் சற்றுப் பெரிது.

இது நோய் அல்ல, தொற்றாது, உடம்புக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. கெடுதல் பெரும்பாலும் நாம் அதைக் கிள்ளும்போதுதான் தொடங்குகிறது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் காயம் பட்ட இடம் கருமையாகி மாதக்கணக்கில் நிற்கும். யார் கண்ணிலும் படாத வெள்ளை மணி ஒன்று, எல்லோர் கண்ணிலும் படும் கரும்புள்ளியாக மாறிவிடும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த மாற்றம் நடக்காமல் மணியை மட்டும் போக்குவதற்கானவை.

உள்ளே இருப்பது என்ன

தோலின் மேலடுக்கு தினமும் தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படி உதிர வேண்டிய கெரட்டின் (நகமும் முடியும் ஆன அதே புரதம்) சில இடங்களில் வெளியேற முடியாமல் தோலுக்குச் சற்றுக் கீழே மெல்லிய உறைக்குள் மாட்டிக்கொள்கிறது. நாளடைவில் அடுக்கடுக்காகச் சேர்ந்து கெட்டியான முத்தாகிவிடுகிறது. அதற்கு வெளியே திறக்கும் துளை கிடையாது. பருவுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். வெண்முனைப் பருவில் அடைபட்டிருந்தாலும் ஒரு துளை உண்டு, உள்ளே மெழுகு போன்ற எண்ணெய்ப் பசை இருக்கும். மிலியாவில் துளையும் இல்லை, சீழும் இல்லை. ஆவி பிடித்தால் துளை திறந்து வந்துவிடும் என்று சொல்வது இதனால்தான் பலிப்பதில்லை. திறப்பதற்குக் கதவே இல்லாத அறை அது.

தானாக வருவது ஒரு வகை. தோல் பட்ட காயத்துக்குப் பிறகு வருவது இன்னொரு வகை. தீப்புண், கொப்புளம், சிராய்ப்பு, லேசர் சிகிச்சை ஆகியவை ஆறும்போது வியர்வைக் குழாயோ மயிர்க்கால் வாயோ புதுத் தோலால் மூடப்பட்டு உள்ளே மணி உருவாகும். இந்த இரண்டாம் வகை, புண் ஆறிய அதே இடத்தில் கூட்டமாகத் தெரியும்.

முதல் படி: மிலியாதானா என்று உறுதி செய்யுங்கள்

சிகிச்சையில் தவறுகிறவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு விரல்களால் அந்த இடத்துத் தோலை மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். மிலியாவாக இருந்தால் இழுக்கும்போது வெண்மை இன்னும் பளிச்சென்று, விளிம்பு தெளிவான உருண்டையாகத் தெரியும். நடுவில் குழியோ துளையோ இருக்காது. சுற்றிலும் சிவப்பு இருக்காது.

அப்படி இல்லையென்றால் வேறு எதுவாக இருக்கலாம்? கீழிமையில் தோல் நிறத்திலோ இளமஞ்சளாகவோ, இரு பக்கமும் ஒன்றுபோலக் கூட்டமாக மணிகள் இருந்தால் அது பெரும்பாலும் சிரிங்கோமா. வியர்வைக் குழாயிலிருந்து வரும் கட்டி அது, தீங்கற்றது. ஆனால் தோலின் ஆழத்தில் இருப்பதால் ஊசியால் குத்தினால் எதுவும் வெளிவராது, தழும்புதான் மிஞ்சும். மிலியா என்று நினைத்துப் பலமுறை குத்திக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

மூக்கை ஒட்டிய இமை மூலையில் மஞ்சளாக, தட்டையாக, திட்டு போல இருந்தால் சாந்தலாஸ்மா. அது கொழுப்புப் படிவு. அதைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது ரத்தத்தில் கொழுப்பு அளவைச் சோதிப்பது. முகத்துக்கு என்ன பூசுவது என்பது அப்புறம். நெற்றியிலும் கன்னத்திலும் நடுவில் சிறு குழியோடு மஞ்சள் நிறப் புடைப்பு நடுவயதில் தெரிந்தால் எண்ணெய்ச் சுரப்பி பெருத்திருக்கிறது என்று பொருள். குழந்தைகளுக்கு முத்துப் போலப் பளபளத்து நடுவில் தொப்புள் போன்ற குழி உள்ள மணிகள் வந்து நாளுக்கு நாள் கூடினால் அது மொலஸ்கம் என்னும் வைரஸ் தொற்று. ஒரே துண்டைப் பகிர்ந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் வரும். கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்குகிற பாலுண்ணி முற்றிலும் வேறு. வேர்க்குருவுக்கு மருத்துவப் பெயர் மிலியாரியா. பெயர் ஒற்றுமையைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று கொள்ள வேண்டாம். வேர்க்குரு வியர்வை தேங்கி வருவது, அரிக்கும், உடம்பு குளிர்ந்தால் அடங்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மணி மெதுவாகப் பெரிதாகிறது, மேலே நுண்ணிய ரத்த நாளங்கள் ஓடுகின்றன, லேசாகப் பட்டாலே ரத்தம் வருகிறது, பொருக்கு விழுந்து மீண்டும் புண்ணாகிறது என்றால் அது மிலியா அல்ல. தோல் புற்றுநோயின் ஒரு வகை முத்துப் போன்ற புடைப்பாகத் தொடங்குவதுண்டு. தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு என்றால்

பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூக்கு, கன்னம், மோவாய், நெற்றியில் இவை இருக்கும். தாய் சாப்பிட்டதால் வந்ததும் அல்ல, குளிப்பாட்டியது சரியில்லை என்பதும் அல்ல. சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும். செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான நீரில் முகத்தைத் துடைத்து ஒற்றி எடுப்பது. அவ்வளவே. பயத்தமாவு வைத்துத் தேய்ப்பது, எண்ணெய் வைத்து மூக்கைப் பிடித்து உருவுவது, நகத்தால் கீறுவது எதுவும் வேண்டாம். பெரியவர்கள் பூசும் எந்தக் களிம்பும் வேண்டாம்.

வாயின் மேலண்ணத்தில் நடுக்கோட்டில் இதே போன்ற வெள்ளை முத்துகள் தெரிந்தால் அவற்றுக்கு எப்ஸ்டீன் முத்துகள் என்று பெயர். ஈறில் தெரிந்தால் பல் முளைக்கிறது என்று சிலர் நினைப்பார்கள். இரண்டும் தாமே மறையும். துணி சுற்றிய விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பச்சிளம் வாய் எளிதில் புண்ணாகும். நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் போலப் படர்ந்து, பால் குடிக்கும்போது குழந்தை அழுதால் மட்டும் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து தேவைப்படும். முகத்து மணிகள் மூன்று மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தாலோ, உடம்பெங்கும் இருந்தாலோ, தோலில் கொப்புளங்களும் சேர்ந்து வந்தாலோ குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: முகத்தில் பூசுவதைச் சோதியுங்கள்

இனி பெரியவர்களுக்கு. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரு மேசையில் எடுத்து வையுங்கள். மெழுகு போலக் கனமான இரவுக் கிரீம், தைலங்கள், நீரில் கரையாத கண்மை, அடர்த்தியான ஃபவுண்டேஷன் ஆகியவற்றைக் கண் பகுதியில் எட்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மிலியா கொழுப்பால் ஆனதல்ல, ஆகவே கிரீம் உள்ளே போய் உறைந்து மணியாகிறது என்பது சரியல்ல. ஆனாலும் மேற்பரப்பை மூடிவைக்கும் பூச்சு, உதிர வேண்டியது உதிர்வதைத் தடுக்கும். அதற்குப் பதில் நீர்த்தன்மையுள்ள லோஷன் போதும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. முகம் வெளுக்க, மங்கு போக என்று மருந்துக்கடையில் வாங்கிய சிறு டியூப் ஏதாவது பயன்படுத்துகிறீர்களா? அதன் உறையில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக் குழாய்கள் தெரியும், பரு வரும், மிலியாவும் வரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பதற்கு 2018-இல் இந்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று வாங்கிப் பூசுவது நிற்கவில்லை. அப்படிப் பல மாதங்கள் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முகம் எரிந்து சிவந்து முன்னைவிட மோசமாகும், அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசத் தோன்றும். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது.

மூன்றாம் படி: எளிய கவனிப்பும் பொறுமையும்

காலையும் இரவும் நுரை குறைந்த, மணமில்லாத ஃபேஸ்வாஷ். வெந்நீர் வேண்டாம். சொரசொரப்பான ஸ்க்ரப், வால்நட் ஓட்டுத்தூள், சர்க்கரை, காபித்தூள் எதையும் கண்ணுக்கு அருகில் தேய்க்க வேண்டாம். காலையில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குக் கோடாகப் பிழிந்த அளவு. பெரும்பாலானோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை.

சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம், கிளைக்காலிக் அமிலம் 5 முதல் 10 சதவீதம் உள்ள சீரம்கள் கன்னத்திலும் நெற்றியிலும் மேலடுக்கை மெலிதாக்கிச் சிலருக்கு உதவும். வாரம் இரண்டு இரவு போதும். கண்ணின் எலும்பு வளையத்துக்குள் வேண்டாம். இவற்றால் ஏற்கெனவே இருக்கும் கெட்டி மணி கரைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்; புதிதாகச் சேர்வது குறையலாம், அவ்வளவுதான். ஒன்றிரண்டு மணிதான், கண்ணை உறுத்தவில்லை என்றால் எதுவும் செய்யாமல் இருப்பதும் நல்ல முடிவே. பெரியவர்களுக்கும் சில தானே உதிரும், ஆனால் மாதங்கள் ஆகலாம்.

நான்காம் படி: அடாபலீன், கூட்டமாக இருந்தால்

பத்துக்கு மேல் இருந்து, ஒவ்வொன்றாக எடுப்பது கடினம் என்றால் மருத்துவர் பெரும்பாலும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லோ, டிரெட்டினாயின் 0.025 சதவீதக் கிரீமோ எழுதுவார். இரண்டும் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. தோல் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைக் கூட்டி, மணியின் மேல்கூரையை மெலிதாக்கி, மேலே தள்ளும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இவற்றைத் தொடக் கூடாது. இதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பூசும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். இரவில் முகம் கழுவி, ஒற்றி, 20 நிமிடம் காயவிடுங்கள். ஈரத் தோலில் பூசினால் எரியும். மூக்கின் இறக்கை, வாயோரம், கண்ணின் வெளி மூலை மூன்றிலும் வாஸ்லினை மெல்லியதாகத் தடவுங்கள்; மருந்து வழிந்து சேர்ந்து புண்ணாக்கும் இடங்கள் இவைதான். முழு முகத்துக்கு ஒரு பட்டாணி அளவு மருந்து. கன்னத்தில் ஒரு திட்டு மட்டும் என்றால் ஒரு அரிசியளவு. மணியின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல் அப்ப வேண்டாம். அந்தப் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். பத்து நிமிடம் கழித்து லேசான மாய்ஸ்சரைசர். இமைமேல் பூசவே கூடாது.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு இரவு. அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு. தோல் தாங்கினால் பிறகு தினமும். முதல் மாதம் வறட்சியும் லேசான தோலுரிதலும் இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். தண்ணீர் பட்டாலே எரிகிறது, சிவந்து தடித்திருக்கிறது என்றால் ஐந்து நாள் நிறுத்தி, மாய்ஸ்சரைசர் மட்டும் பூசி, மறுபடி வாரம் இரண்டு இரவிலிருந்து தொடங்குங்கள். சீக்கிரம் போகட்டும் என்று இரட்டை அளவு பூசுகிறவர்கள் எரிச்சல் தாங்காமல் மூன்றாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த எரிச்சலே கருமையையும் விட்டுச்செல்கிறது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இந்தக் காலத்தில் முகத்தில் வாக்ஸிங் செய்யாதீர்கள். தோல் மேலடுக்கோடு கழன்று வரும். செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்னதாக மருந்தை நிறுத்துங்கள். திரெட்டிங்கும் அந்த நாள்களில் எரியும்.

ஐந்தாம் படி: எடுப்பது

நேரடியான, விரைவான வழி இதுதான். ஒரே அமர்வில் முடியும். மருத்துவர் அந்த இடத்தைக் கிருமிநாசினியால் துடைத்து, கிருமி நீக்கிய நுண் ஊசியாலோ கூர்மையான பிளேடின் முனையாலோ மணியின் கூரையில் மட்டும், தோலுக்கு ஏறக்குறையக் கிடையாகச் சாய்த்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கீறுவார். பிறகு வளைய முனைக் கருவியால் இரு பக்கமும் லேசாக அழுத்தினால் வெள்ளை முத்து முழுசாக வெளியே வரும். ஒரு மணியை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எறும்பு கடித்த அளவு வலி. நிறைய இருந்தால் மரத்துப்போகும் கிரீம் பூசி 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் இதை முன்பே சொல்ல வேண்டும்.

எங்கே போவது? எம்.டி. டி.வி.எல். பட்டமோ டி.டி.வி.எல். பட்டயமோ பெற்ற தோல் மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. மின் ஊசியால் சுடுவது, லேசர், உறைய வைப்பது ஆகியவையும் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் நம் தோல் நிறத்துக்கு வெப்பமும் கடுங்குளிரும் கருமையையோ வெண்மையையோ விட்டுச்செல்லக்கூடும். நாலைந்து மணிகள்தான் என்றால் ஊசியே போதுமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

வீட்டில் ஊசி எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே பதில். இமைத்தோல் முகத்திலேயே மெல்லியது, அதற்கு அடியில் கண். கண்ணாடியில் கை திசைமாறித் தெரியும். அடுப்புத் தீயில் காட்டிய ஊசியில் கரி படிந்திருக்கும். அந்தக் கரி தோலுக்குள் போனால் பச்சை குத்தியது போல அங்கேயே தங்கிவிடும். நகத்தால் பிதுக்கினால் உறை உள்பக்கமாக உடைந்து, வலியே இல்லாத மணி சிவந்து வீங்கும். பாலுண்ணிக்குச் சுண்ணாம்பு வைக்கிற பழக்கத்தில் இதற்கும் வைப்பார்கள்: சுண்ணாம்பு காரம், அது தோலைச் சுட்டு ஆழமான புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா மூன்றும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்கின்றன. அழகு நிலையத்தில் ஃபேஷியலோடு சேர்த்து எடுத்துத் தருகிறோம் என்றால், வேறொருவருக்குப் பயன்படுத்திய ஊசியா என்ற ஒரு கேள்வியே மறுப்பதற்குப் போதும்.

எடுத்த பிறகு

அன்று முகத்தைத் தேய்க்காமல் கழுவலாம். மருத்துவர் தந்த ஆன்டிபயாட்டிக் களிம்பையோ வாஸ்லினையோ ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று நாள் தடவுங்கள். மேக்கப் 48 மணி நேரம் வேண்டாம். ஊசிமுனை அளவு பொருக்கு 3 முதல் 7 நாளில் தானே விழும். பிய்த்தால் அந்த இடம் கருக்கும். மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் பொருக்கு விழும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அடாபலீன் பூசிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் இடைவெளி. சன்ஸ்கிரீன் ஒரு மாதத்துக்கு ஒரு நாளும் தவறக் கூடாது. வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் அதோடு துணியாலும் மறைத்துக்கொள்வது நல்லது. சிவப்பு பரவி, சூடாகி, சீழ் வந்தால் அன்றே திரும்பப் போங்கள்.

எடுத்த இடத்திலேயே ஓரிரு மாதத்தில் மறுபடி மணி தெரிந்தால் உறையின் ஒரு பகுதி உள்ளே தங்கியிருக்கிறது; இன்னொரு முறை எடுத்தால் சரியாகும். பக்கத்தில் புதிது வருவது தனிக் கதை, அதற்கு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். காதுக்குப் பின்னாலோ இமையிலோ சிவந்து தடித்த திட்டின் மேல் மணிகள் குவியலாக வந்தால் அது அரிதான ஒரு வகை, ஊசி மட்டும் போதாது; பூசுமருந்தோடு சில மாதம் மாத்திரையும் தேவைப்படலாம். புறங்கையில் வெயில் பட்டாலே கொப்புளம் வந்து, ஆறிய இடத்தில் வெள்ளை மணிகள் நிற்கின்றன என்றால் மணிகளை விட்டுவிட்டுக் கொப்புளத்துக்கான காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். அதற்கு ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டியிருக்கும்.